காட்டுத்தீப் புகை எங்கே போகிறது? செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

2020 செப்டம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் பொழுது விடிந்தும் விடியாத மாதிரியே இருந்தது. பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருண்டு கிடக்க, வண்டிகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் ஊரே மூச்சுத் திணறியிருக்கும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அன்று தரைமட்டக் காற்று, வானம் காட்டிய அளவுக்கு மோசமாக இல்லை. கடலிலிருந்து வந்த குளிர்ந்த மூடுபனி தரையை ஒட்டிப் படுத்திருந்தது. புகை அதற்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. வானத்தின் ஆரஞ்சு நிறம் போன பிறகு, அடுத்தடுத்த நாட்களில்தான் புகை கீழே இறங்கி, காற்று மூச்சுவிட முடியாத அளவுக்குக் கெட்டது.

புகையைப் பின்தொடர நினைப்பவர் முதலில் மனதில் வாங்கவேண்டியது இதைத்தான். செயற்கைக்கோள் மேலிருந்து கீழே பார்க்கிறது. தரையிலிருந்து வான உச்சிவரை வழியில் இருக்கும் புகை முழுவதும் ஒரே படமாகத் தட்டையாகிவிடுகிறது. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாதவரை, எங்கே போகும், யார் மூக்கில் ஏறும் என்று சொல்லவே முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் உயரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். மற்றப் படிகளெல்லாம் அதற்கு வழிவிடும் வேலைகள்.

இதற்குச் செலவு எதுவும் கிடையாது. ஒரு கணினி, ஓரளவு நல்ல இணையம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

படி 1: எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நமக்குப் பயன்படும் செயற்கைக்கோள்கள் இரண்டு வகை.

முதல் வகை, துருவங்களை ஒட்டிச் சுற்றுபவை. நாசாவின் டெர்ரா, அக்வா இரண்டிலும் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 மூன்றிலும் வியர்ஸ் என்ற கருவி இருக்கிறது. இவை பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் பறக்கின்றன, அதனால் படம் கூர்மையாக இருக்கும். ஒரே இடத்தை ஒவ்வொன்றும் பகலில் சுமார் ஒரு தடவை பார்க்கும். டெர்ரா காலையில் கடக்கும். வியர்ஸ் செயற்கைக்கோள்கள் உள்ளூர் நேரம் பகல் ஒன்றரை மணியை ஒட்டிக் கடக்கும்.

இரண்டாவது வகை, புவிநிலைச் செயற்கைக்கோள்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் ஒரே பகுதியையே பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கண்டங்களுக்குக் கோஸ் வரிசை, கிழக்காசியா, ஆஸ்திரேலியாவுக்கு ஹிமாவாரி, ஐரோப்பா, ஆப்பிரிக்காவுக்கு மீட்டியோசாட், இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு இன்சாட். கோஸும் ஹிமாவாரியும் தங்கள் கண்ணில் படும் பூமி வட்டம் முழுவதையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை படம் பிடிக்கின்றன. கூர்மை குறைவு, ஆனால் அசைவு தெரியும்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: இது புகைதானா என்று அடையாளம் காண முதல் வகை, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்க இரண்டாவது வகை.

படி 2: வேர்ல்ட்வியூவைத் திறந்து, தீயிலிருந்து தொடங்குங்கள்

நாசா வேர்ல்ட்வியூ என்று தேடினால் தளம் வந்துவிடும். கணக்கு எதுவும் தொடங்கவேண்டாம். கீழே தேதிப் பட்டை, இடது பக்கம் லேயர் பட்டியல், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் பட அடுக்குகள். இயற்கை நிறப் படத்துக்குக் 'கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ்' லேயர். அதன் மேல் 'ஃபயர்ஸ் அண்ட் தெர்மல் அனாமலிஸ்' லேயரைச் சேர்த்தால் எரியும் இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். இதே புள்ளிகளை நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்திலும் பார்க்கலாம். செயற்கைக்கோள் கடந்து போன மூன்று மணி நேரத்துக்குள் அங்கே வந்துவிடும்.

புள்ளிகளைப் படிப்பதில் கவனம் வேண்டும். வியர்ஸ் புள்ளி ஒன்று 375 மீட்டர் பிக்சலின் மையம், மோடிஸ் புள்ளி ஒன்று ஒரு கிலோமீட்டர் பிக்சலின் மையம். அந்தப் பிக்சலுக்குள் எங்கோ சூடு இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். பத்துப் புள்ளிகள் என்றால் பத்துத் தீ என்று எண்ணக்கூடாது, ஒரே தீயின் முகப்பு பத்துப் பிக்சல்களில் நீண்டிருக்கலாம். எண்ணெய் வயல்களில் எரியும் வாயுச் சுடரும் எரிமலையும்கூடப் புள்ளி போடும். வாரக்கணக்கில் இம்மி நகராத புள்ளியைச் சந்தேகப்படுங்கள். அடர்ந்த மேகமோ மிகத் தடித்த புகையோ மூடியிருந்தால் புள்ளியே விழாமல் போகலாம். அதனால் புள்ளி இல்லை என்பதை வைத்துத் தீ அணைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. வேர்ல்ட்வியூவில் ஒரு நாளின் படம் என்பது பல சுற்றுகளில் எடுத்த நீளப் பட்டைகளை ஒட்டிச் சேர்த்தது. அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே ஏறத்தாழ நூறு நிமிட இடைவெளி. ஒட்டு விழுந்த இடத்தில் புகை வால் வெட்டுப்பட்ட மாதிரி விலகித் தெரிந்தால் பதற வேண்டாம். அந்த நூறு நிமிடத்தில் புகை அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படி 3: பார்ப்பது புகைதானா?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மெல்லிய மேகம், மூடுபனி, பாலைவனத் தூசி, கடல்மேல் பளபளக்கும் சூரிய ஒளி என எல்லாமே ஒரு பார்வைக்குப் புகை மாதிரிதான் இருக்கும்.

மேகம் வெள்ளை வெளேரென்று, மேடு பள்ளமாக, பஞ்சு உதிர்ந்த மாதிரி இருக்கும். புகை சாம்பல் நீலமாகவோ பழுப்பாகவோ, பாலில் தண்ணீர் கலந்த மாதிரி வழவழப்பாக இருக்கும், அடியில் இருக்கும் ஆறும் மலையும் மங்கலாகத் தெரியும். தூசியில் மஞ்சள் ஏறியிருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாலைப் பிடித்து, காற்று வரும் பக்கமாகப் போங்கள். அது குறுகிக் குறுகி ஒரு சிவப்புப் புள்ளியில் போய் முடிந்தால் பெரும்பாலும் புகைதான்.

உறுதி செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே மோடிஸ் படத்தை 7-2-1 பட்டைச் சேர்க்கைக்கு மாற்றுங்கள் (இங்கே பட்டை என்பது கருவி தனியாகப் பதியும் ஓர் அலைநீளப் பகுதி). புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை நன்றாகச் சிதறடிக்கும். பட்டை 7 ஏறத்தாழ 2.1 மைக்ரோமீட்டர் அலைநீளம். அந்த நீண்ட அலைக்கு இந்தச் சின்னத் துகள்கள் தடையே இல்லை. அதனால் 7-2-1 படத்தில் புகை கரைந்து போய் அடியில் இருக்கும் நிலம் பளிச்சென்று தெரியும். நீர்த்துளி மேகம் வெள்ளையாகவே நிற்கும், பனிப்படிக மேகம் வெளிர்நீலமாக மாறும், எரிந்து முடிந்த காடு செம்பழுப்பாகத் தெரியும். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், எது மறைகிறது எது நிற்கிறது என்பது ஒரு நிமிடத்தில் பிடிபடும். தீக்கு மிக அருகில், கொதித்தெழும் தடித்த புகையில் மட்டும் இந்தச் சோதனையை முழுதாக நம்ப வேண்டாம். அங்கே புகையோடு மேகமும் கலந்திருக்கும்.

படி 4: அசைவைப் பாருங்கள், வேகத்தை அளந்து எழுதுங்கள்

இப்போது புவிநிலைப் படங்களுக்கு வாருங்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிரா நிறுவனம் நடத்தும் ஸ்லைடர் தளத்தில் கோஸ், ஹிமாவாரி, மீட்டியோசாட் படங்களை அசைபடமாக ஓட்டலாம். 'ஜியோகலர்' என்ற காட்சியைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிட இடைவெளியில் முப்பது நாற்பது படங்களை வரிசையாக ஓடவிடுங்கள்.

மேகங்கள் பிறந்து, வளர்ந்து, கலைந்துகொண்டே இருக்கும். புகை அப்படியில்லை, ஒரே துணியை யாரோ இழுத்துப் போவது மாதிரி நகரும். அசைபடத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு உடனே தெரியும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம். புகைத் துகள்கள் ஒளியைத் தாங்கள் பெற்ற திசையிலேயே முன்னோக்கி அதிகம் சிதறடிக்கும். காலையிலும் மாலையிலும் சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது, புகையைத் தாண்டி வரும் ஒளி செயற்கைக்கோளின் கண்ணில் படும், மெல்லிய புகைகூடப் பளிச்சென்று தெரியும். உச்சிவேளையில் சூரியன் செயற்கைக்கோளின் முதுகுப் பக்கம் இருக்கும், அதே புகை நிலத்தின் மேல் மங்கிப் போகும். மதியம் புகை கலைந்து மாலையில் திரும்பி வந்துவிட்டது என்று பலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். புகை அங்கேயேதான் இருந்திருக்கும், வெளிச்சத்தின் கோணம் மட்டுமே மாறியிருக்கும்.

அடுத்து அளவை. புகையின் முன் விளிம்பையோ, நடுவில் ஒரு தனித்த மடிப்பையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 15:00 யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) அது ஓர் ஏரியின் கரையில் இருந்து, 18:00 யுடிசிக்கு 180 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தால் மணிக்கு 60 கிலோமீட்டர். தூரத்தை வேர்ல்ட்வியூவின் அளவுகோல் கருவியிலேயே அளக்கலாம். எல்லா நேரத்தையும் யுடிசியிலேயே எழுதுங்கள், உள்ளூர் நேரத்தைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டாம் நாளே கணக்குக் குழம்பிவிடும்.

இந்த வேகம்தான் அடுத்த படிக்குத் திறவுகோல்.

படி 5: உயரம்

காற்று எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி வீசுவதில்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்பதால், வானிலையாளர்கள் உயரத்தை அழுத்த மட்டங்களால் சொல்வார்கள்: 850 ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர், 700 என்றால் 3, 500 என்றால் 5.5, 250 என்றால் 10 கிலோமீட்டர். விண்டி, எர்த் நல்ஸ்கூல் போன்ற தளங்களில் இந்த ஒவ்வொரு மட்டத்துக்கும் காற்றின் திசையையும் வேகத்தையும் பார்க்கலாம்.

நாம் அளந்த புகை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில், அதே நேரத்தில், 850 மட்டத்தில் காற்று வடக்கே 25 கிலோமீட்டர் வேகத்தில், 700 மட்டத்தில் கிழக்கே 58, 500 மட்டத்தில் கிழக்கே 95 என்று வந்தால், புகை மூன்று கிலோமீட்டர் உயரத்தை ஒட்டித்தான் போகிறது. திசை, வேகம் இரண்டும் ஒருசேரப் பொருந்தவேண்டும். ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. ஒரே தீயின் புகை இரண்டு திசையில் பிரிந்து போவதையும் பார்ப்பீர்கள். கீழே தங்கியது ஒரு காற்றில், மேலே ஏறியது இன்னொரு காற்றில். அதை இரண்டு புகையாகவே வைத்துத் தனித்தனியாகப் பின்தொடருங்கள்.

நிழலும் உயரம் சொல்லும். மாலை வெயிலில் உயரமான புகைத் திரள் தன் நிழலைக் கீழே இருக்கும் மேகத்தின் மேலோ நிலத்தின் மேலோ போடும். சூரியன் தொடுவானிலிருந்து 20 டிகிரியில் இருக்கும்போது நிழல் 10 கிலோமீட்டர் நீண்டிருந்தால், 10-ஐ டான் 20-ஆல், அதாவது 0.36-ஆல் பெருக்குங்கள்: நிழல் விழுந்த பரப்பைவிட 3.6 கிலோமீட்டர் உயரத்தில் புகையின் மேல்விளிம்பு. பள்ளிக்கூடத் திரிகோணமிதி, இவ்வளவு நேரடியாகக் கைகொடுக்கும் இடம் குறைவு.

டெர்ராவில் இருக்கும் மிசர் என்ற கருவி ஒன்பது கேமராக்களால் ஒன்பது கோணத்தில் பார்த்து, இரண்டு கண்கள் ஆழத்தை உணர்வது மாதிரியே புகையின் உயரத்தைக் கணக்கிடுகிறது. லேசர் ஒளியை அனுப்பி உயரத்தை நேரடியாக அளந்த கலிப்சோ 2006 முதல் 2023 வரை வேலை செய்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோளிலும் அப்படியொரு லேசர் கருவி இருக்கிறது. லேசர் அளப்பது செயற்கைக்கோள் போகும் பாதையில் ஒரு மெல்லிய கோட்டை மட்டும்தான். அந்தக் கோடு உங்கள் புகையின் மேல் விழுந்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், விடாதீர்கள்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் 2019–20 கோடையைவிடப் பெரிய பாடம் இல்லை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும் அங்கே தீயே இடிமேகங்களை உருவாக்கியது. அந்த மேகங்கள் புகையை, வானிலை நடக்கும் அடுக்குக்கு மேலே இருக்கும் அடுக்கு வளிமண்டலத்துக்குள் (ஸ்ட்ராடோஸ்பியர்) கொண்டுபோய்ச் செலுத்தின. அங்கே மழை இல்லை, கழுவிவிட ஆளில்லை. கரித்துகள்கள் வெயிலை உறிஞ்சிச் சூடாகி, சுற்றியுள்ள காற்றையும் தூக்கிக்கொண்டு மேலும் ஏறின. சுமார் 1000 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு புகைச் சுழல் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து 35 கிலோமீட்டர் உயரம்வரை போனது. தாழ்வாகத் தங்கிய புகையோ டாஸ்மான் கடலைத் தாண்டி நியூசிலாந்தின் வானத்தை மஞ்சளாக்கி, பனிப்பாறைகளில் பழுப்பாகப் படிந்தது. ஒரே தீயின் புகைதான், உயரத்துக்கு உயரம் அதன் கதை மாறிவிட்டது.

தரைக்கு எப்போது இறங்கும்? இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படுத்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். மூடிக்குக் கீழே சிக்கிய புகை பள்ளத்தாக்கில் தேங்கும், மூடிக்கு மேலே இருக்கும் புகை இறங்காது. பகலில் வெயில் ஏறி, காற்று மேலும் கீழும் புரளத் தொடங்கினால் மூடி உடையும். தேங்கிய புகை மேலே போய்க் கலையும், மேலே மிதந்த புகை கீழே வரும். அதனால் மேலே ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் புகை வந்து நிற்கிறது என்று தெரிந்தால், மறுநாள் முற்பகலுக்கு மேல் தரை அளவிகளை, அதாவது தரையில் காற்றின் மாசை அளக்கும் கருவிகளை, கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள்.

படி 6: மெலிந்துபோன புகையை விடாமல் பிடிக்க

தீயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியபின் சாதாரண நிறப்படத்தில் புகை வெறும் மங்கலாகிவிடும். அங்கே மூன்று லேயர்கள் உதவும்.

முதலாவது ஏரோசால் ஆழம். ஏரோசால் என்பது காற்றில் மிதக்கும் நுண்துகள்கள். தரைக்கும் வானத்துக்கும் இடையே துகள்கள் வெயிலை எவ்வளவு மறைக்கின்றன என்று சொல்லும் எண் இது. 0.1 என்றால் தெளிந்த வானம். 1 என்றால், தலைக்கு நேர்மேலே இருக்கும் சூரியனின் நேரடி ஒளியில் 37 சதவீதம்தான் தரைக்கு வந்து சேரும். மிகத் தடித்த புகையைக் கணிப்பு நிரல் மேகம் என்று நினைத்து விட்டுவிடுவதுண்டு. அதனால் அடர்ந்த புகைக்கு நடுவே வெற்றுத் துளை தெரிந்தால் அங்கே காற்று சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது புறஊதா ஏரோசால் குறியீடு. ஓம்ப்ஸ், ட்ரோபோமி கருவிகள் தருவது. ஒளியை உறிஞ்சும் துகள்கள், அதாவது கரியும் தூசியும், இதில் நேர்மறை எண்ணாக வரும். வெறும் மேகம் சுழியத்தை ஒட்டியே நிற்கும். மேகத்துக்கு மேலே மிதக்கும் புகையைக்கூட இது காட்டிக்கொடுக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு. அதேசமயம் தரையை ஒட்டிய புகையை இது சரியாகப் பார்க்காது. ஏரோசால் ஆழம் அதிகமாகவும் இந்தக் குறியீடு குறைவாகவும் இருந்தால், புகை தாழ்வாக இருக்கிறது என்று ஊகிக்க அது ஒரு தடயம்.

மூன்றாவது கார்பன் மோனாக்சைடு. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பியின் ட்ரோபோமி கருவி இதை அளக்கிறது, கோபர்நிகஸ் பிரவுசரில் பார்க்கலாம். துகள்களை மழை கழுவிவிடும், இந்த வாயுவைக் கழுவ முடியாது. வாரக்கணக்கில் காற்றில் தங்கும். புகை ஒரு மழைமேகக் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்துவிட்டால், மறுபக்கம் எங்கே வெளிவருகிறது என்று இதில் தேடுங்கள்.

படி 7: பின்னோக்கிப் போய்ச் சரிபாருங்கள்

ஓரிடத்தில் புகை வந்திருக்கிறது, எந்தத் தீயினுடையது என்று தெரியவில்லை. இதற்கு உதவுவது, காற்று வந்த பாதையைக் கணக்கிடும் ஹைஸ்பிளிட் என்ற நிரல். அமெரிக்காவின் நோவா நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது. இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, 'பேக்வர்ட்' பாதையைத் தேர்ந்தெடுத்து, 500, 1500, 3000 மீட்டர் என்று மூன்று உயரம் கொடுங்கள். கடந்த 72 மணி நேரத்தில் அந்தந்த உயரக் காற்று எங்கிருந்து வந்தது என்று மூன்று கோடுகள் வரும்.

கோடு தீயின் மேல் போனால் மட்டும் போதாது. அந்தக் கோடு அங்கே இருந்த நேரத்தில் தீ எரிந்துகொண்டிருந்ததா என்று ஃபர்ம்ஸில் பாருங்கள். தீ செவ்வாய் மாலைதான் பற்றியது, கோடு திங்கள் காலையே அதைக் கடந்துவிட்டது என்றால் அந்தத் தீக்குச் சம்பந்தமில்லை. பாதைக் கோடுகளில் பிழை நாளுக்கு நாள் பெருகும். தொடங்கும் நேரத்தை மூன்று மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். கோடுகள் ஒரே பக்கம் சேர்ந்தால் நம்பலாம், விசிறி மாதிரி விரிந்தால் பெயர் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

படி 8: ஒரு பழைய நிகழ்வில் கை பழகுங்கள்

புதிய தீயில் பழகுவதைவிட, முடிவு தெரிந்த ஒன்றில் பழகுவது நல்லது. நான் எல்லோருக்கும் சொல்வது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2023 ஜூன் மாதம் எரிந்த தீ. வேர்ல்ட்வியூவில் ஜூன் 1-க்குப் போய் ஒவ்வொரு நாளாக நகர்த்துங்கள். முதல் சில நாட்களுக்குள் ஜேம்ஸ் விரிகுடாவுக்குத் தெற்கேயும் தென்கிழக்கேயும் சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக முளைப்பதைப் பார்ப்பீர்கள். இப்போது கண்ணைக் கிழக்கே, கனடாவின் அட்லாண்டிக் கரைப் பக்கம் கொண்டுபோங்கள். அங்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகராமல் நின்று மேகத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. வட அரைக்கோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வீசும். அதன் மேற்குப் பக்கம் என்றால் வடக்கிலிருந்து தெற்கு. தீ இருந்தது சரியாக அந்தப் பக்கம். புகை ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே இறங்கி, ஜூன் 7 அன்று நியூயார்க்கை ஆரஞ்சு நிறமாக்கியது. இந்தத் தடவை அது தரையிலும் இருந்தது, நகரத்தின் காற்று அபாய மட்டத்தைத் தொட்டது. சான் பிரான்சிஸ்கோவின் வானமும் நியூயார்க்கின் வானமும் படத்தில் ஒரே மாதிரி இருந்தன, மூச்சில் ஒன்றாக இல்லை. அதே ஆண்டு ஜூன் கடைசி வாரத்துக்கும் போங்கள். கனடாவின் புகை அட்லாண்டிக்கைத் தாண்டித் தென்மேற்கு ஐரோப்பாவை எட்டியிருக்கும். ஏரோசால் லேயரைப் போட்டால் கடலின் மேல் அதன் பாதையே தெரியும்.

ஒவ்வொரு நாளும் அடுத்த படத்தைத் திறக்கும் முன், நாளை புகை எங்கே இருக்கும் என்று பென்சிலால் வரைந்து வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். கை தேறுவதற்கு நான் அறிந்த ஒரே வழி அதுதான்.

படி 9: தரை அளவியோடு சேர்த்துச் சொல்லுங்கள்

செயற்கைக்கோள் காட்டியதைத் தரையில் இருக்கும் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகள்கள்) அளவிகளோடு ஒப்பிடாமல் யாருக்கும் எதையும் சொல்லாதீர்கள். ஓப்பன்ஏக்யூ தளத்தில் பல நாடுகளின் அளவிகள் ஒரே இடத்தில் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவு, 24 மணி நேரச் சராசரிக்கு ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். புகை வந்து சேரும்போது காற்றின் திசைப்படி அளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறவேண்டும். ஒரே ஒரு அளவி மட்டும் ஏறி அக்கம்பக்கத்து அளவிகள் அசையாமல் இருந்தால், அதற்குக் காரணம் அருகிலேயே இருக்கலாம்.

படத்தைப் பகிரும்போது அதன் மேலேயே நான்கு விவரம் எழுதுங்கள்: செயற்கைக்கோளின் பெயர், லேயரின் பெயர், யுடிசி நேரம், புகையின் உயரம் பற்றிய உங்கள் கணிப்பு. ஆஸ்துமா உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் உங்கள் படத்தைப் பார்த்து ஜன்னலைச் சாத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யக்கூடும். அதனால் 'புகை வந்துவிட்டது' என்று மொட்டையாக எழுதாமல், 'சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் புகை இருக்கிறது, 18:00 யுடிசி வரை தரை அளவிகள் ஏறவில்லை, நாளை முற்பகலுக்கு மேல் மறுபடி பார்க்கவேண்டும்' என்று எழுதுங்கள். அளவி ஏறத் தொடங்கியதும் அதே பதிவைத் திருத்தி, திருத்திய நேரத்தையும் போடுங்கள்.